எமரால்ட் மேட்டில் நாலு சில்லு

2004 ஒக்டோபர் 2, சனிக்கிழமை. காலை 5.30.

சிட்னியின் மேற்குப் புறத்தில், குவேக்கர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டபோது வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. டேவிட்டின் வான் வண்டி, அதன் பின்னால் வாடகைக்கு எடுத்த ட்ரெயிலர், அதன் மேல் தார்ப்பாய் போர்த்தி ஆறு பட்டிகளால் இறுக்கின ஒரு பழைய பந்தயக் கார். முன் சீட்டில் இரண்டு ஆண்கள். பின் சீட்டில் நான், இடியப்பப் பெட்டி, சம்பல் போத்தல், சுடுதண்ணிப் போத்தல். என் கால் வைக்க வேண்டிய இடத்தில் மூன்று ஸ்பானர் பெட்டிகள். மெல்பேர்ண் எண்ணூற்று எண்பது கிலோமீட்டர். முதல் ஐந்து கிலோமீட்டருக்குள் இவர் இரண்டு தரம் வானை நிற்பாட்டச் சொல்லி இறங்கிப்போய்ப் பட்டிகளை இழுத்துப் பார்த்தார்.

"பிள்ளைப்பெறுவுக்கு என்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகேக்க ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை," என்றேன்.

"உம்மைத்தான் ஏற்கெனவே கட்டியாச்சே," என்றார் இவர்.

டேவிட் சிரித்த சிரிப்பில் வான் பக்கத்துக் கோட்டைத் தொட்டுத் திரும்பியது.

'இவர்' என்று நான் எழுதுவது என் கணவர் நேசனை. இருபத்திரண்டு வருடமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எழுதும்போது மட்டும் என்ன புதுப் பழக்கம். 84இல் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்தவர், பஸ் டிப்போவில் மெக்கானிக். நான் இரண்டு வருடம் கழித்துச் சின்னப் பிள்ளையோடு வந்து சேர்ந்தேன். டேவிட் பினாங்கில் பிறந்தவர். படிக்க வந்து, எஞ்சினியராகி, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். வேதக்காரர், கிறிஸ்தவர், ஆனால் எங்கள் வீட்டு மோதகத்துக்கு மட்டும் மதம் பார்ப்பதில்லை. இருவரும் சேர்ந்து ஏழு வருடமாக என் கராஜைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். என் கார் அந்த ஏழு வருடமும் வெயிலிலும் மழையிலும் நின்று, நிறம் போய்ப் பழம்புடவை மாதிரி ஆகிவிட்டது.

காலை 8.20. கோல்பர்ன்.

இருநூறு கிலோமீட்டர் முடிந்தது. பெற்றோல் லீற்றர் ஒரு டொலர் ஏழு சதம். குளிர் காதைக் கடித்தது. வான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இடியப்பம் சாப்பிட்டோம். பக்கத்தில் எண்ணெய் அடிக்க வந்த ஒரு லொறிக்காரர் தார்ப்பாயின் மூக்கைப் பார்த்து, "உள்ளே என்ன, படகா?" என்று கேட்டார்.

"பந்தயக் கார். நாலு சில்லும் இழுக்கும். ஐம்பதுகளில் செய்தது," என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"அந்தக் காலத்திலா? போய்யா," என்று சிரித்துவிட்டு லொறிக்காரர் போய்விட்டார். இவருடைய முகம் சுருங்கிப் போயிற்று. ஏழு வருடமாக இந்த 'போய்யா'வை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டார் என்று எனக்குத் தெரியும். அதில் பாதி நான் சொன்னது.

காரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பயணம் எதற்கென்று உங்களுக்கு விளங்காது.

சாதாரணமாக அந்தக் காலத்துக் காரில் எஞ்சின் பின் சில்லுகளை, அதாவது பின் சக்கரங்களைத்தான், சுற்றும். முன் சில்லுகள் வழி காட்டும், அவ்வளவுதான். நான்கையும் எஞ்சின் சுற்றினால் சறுக்கல் இல்லாமல் ஏறலாம் என்ற யோசனை புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு ஒல்லாந்தில் அப்படியொரு பந்தயக் கார் செய்திருக்கிறார்கள். யாழ்ப்பாணக் கோட்டையைப் பெரிதாக்கிக் கட்டின அதே ஒல்லாந்தர், டச்சுக்காரர்தான். எதைச் செய்தாலும் பாரமாகச் செய்வார்கள் என்று இவர் சொல்வார். பாரம்தான் இந்த வகைக் காருக்குப் பிடித்த சனியன். முன் சில்லையும் சுற்ற வேண்டுமென்றால் அதற்கொரு தண்டு, கியர்ப் பல்லுப்பெட்டி, திரும்பும்போது மடங்கிக் கொடுக்கிற மூட்டு, எல்லாம் வேண்டும். நேர் வீதியில் ஓடும் பந்தயத்துக்கு அந்தப் பாரம் கட்டாது.

ஆனால் மலையேற்றப் பந்தயம் வேறு. செங்குத்தான சின்ன வீதி, பல இடங்களில் அந்த நாளில் வெறும் கிரவல் மண். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஏறும், போட்டி கடிகாரத்தோடு. போர் முடிந்து இராணுவ ஜீப்புகள் மலிவாக வந்த காலத்தில், சிட்னிக்கு மேற்கே ஒரு தகரக் கொட்டிலில் லெஸ் என்ற இளைஞரும் அவருடைய அண்ணன் ஹரியும் உடைந்த ஜீப் ஒன்றை வாங்கினார்கள். அதன் முன் அச்சையும் பல்லுப்பெட்டியையும் கழற்றி, மோதி நொறுங்கின வேறொரு காரின் எட்டு சிலிண்டர் எஞ்சினோடு பொருத்தி, அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி உடம்பு செய்தார்கள். ஒரு ஆள் மட்டும் இருக்கலாம். முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது கார் இருந்த இடத்திலேயே நின்று முக்கியது. முன் பல்லுப்பெட்டியைத் தலைகீழாகப் பூட்டியிருந்தார்களாம்.

"முன் சில்லு மெல்பேர்ணுக்குப் போக வெளிக்கிட்டது, பின் சில்லு சிட்னிக்கு," என்று லெஸ் சொன்னதாக இவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

திருப்பிப் பூட்டினார்கள். பக்கத்து மேய்ச்சல் மேட்டில் விடியற்காலைகளில் கார் நாலு காலில் ஏறியது. லெஸ் ஓட்டினார், ஹரி நின்று பார்த்தார். பிறகு முதல் பந்தயம். சனம் கூடியிருந்தது. கொடி அசைந்த மறு கணமே முன் மூட்டு 'டக்' என்று உடைந்தது. கார் பின் சில்லுகளின் பலத்தில் முக்கி முக்கி ஏறிக் கடைசியாக வந்தது. "மற்ற ரெண்டும் எங்கே, லெஸ்?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டானாம். அந்தக் கேள்வி அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஹரி நோயில் விழுந்தார், காரை விற்றார்கள். வாங்கினவர் பாரம் என்று முன் சாமான்களைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினார். இருக்கிற படங்களெல்லாம் அதற்குப் பிறகு எடுத்தவை. பின்னாளில் ஒரு பழைய கார்க் கழகம் போட்ட சின்னப் புத்தகத்தில், 'நாலு சில்லும் இழுத்ததாகச் செய்தவர் சொல்கிறார், பார்த்தவர் எவரும் இல்லை' என்று ஒரு வரி வந்தது. பார்த்த ஒரே ஆள் ஹரி. ஹரி அப்போது உயிரோடு இல்லை.

மதியம் 12.50. ஹோல்புரூக்.

கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் இந்தச் சின்ன ஊரின் நடுவில், புல்தரையில், ஒரு நீர்மூழ்கிக் கப்பல் படுத்திருக்கிறது. நிசமான கப்பல். அதன் நிழலில் இருந்து ஆளுக்கொரு 'பை' என்ற இறைச்சி அடைத்த பணியாரம் சாப்பிட்டோம், ஒன்று மூன்று டொலர் இருபது சதம்.

"கடல் இல்லாத ஊர்ல கப்பல் இருக்கு. நம்ம காடிய மட்டும் யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க லா, அண்ணே," என்றார் டேவிட். மலேசியாத் தமிழருக்குக் கார் எல்லாம் காடி, வசனத்துக்கு வசனம் 'லா'.

"கப்பலை எல்லாரும் தொட்டுப் பாக்கினம். எங்கட முன் சில்லை ஆர் தொட்டது?" என்றார் இவர்.

இந்தக் கார் எங்களிடம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 97இல் இவர் புல்லுவெட்டி வாங்க வின்சர் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனார். திரும்பி வரும்போது புல்லுவெட்டி இல்லை. கோழிகள் முட்டையிட்டு அடைகாத்த சீட்டோடு இந்தக் கார் வந்தது. இன்றைக்கு வரைக்கும் எங்கள் புல்லை டேவிட்டின் புல்லுவெட்டிதான் வெட்டுகிறது. அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. இவர் என் கையைப் பிடித்து முன் சில்லின் நடுவில் வைத்தார். உள்ளே பழைய கிரீசுக்குள் வரிவரியாகப் பல்லு வெட்டியிருந்தது.

"இழுக்காத சில்லுக்குப் பல்லு எதுக்கு?" என்றார்.

எனக்குக் கோழிப் பீ மணம்தான் தெரிந்தது.

பழைய கார்ப் பத்திரிகை ஒன்றுக்கு இவர் கடிதம் எழுதினார். மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மெல்பேர்ணுக்குக் கிழக்கே எமரால்ட் என்ற மலையூரிலிருந்து லெஸ். அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் ஏழு மணி. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் இருவரும் கத்துவார்கள். எத்தனை பல்லு, எத்தனை அங்குலம், எந்தப் பக்கம் மேலே. முன் அச்சு, தண்டு, பல்லுப்பெட்டி எல்லாவற்றையும் அந்தக் கத்தலிலிருந்துதான் இவரும் டேவிட்டும் திரும்பச் செய்தார்கள். போன ஆடியில் லெஸ் ஒரு நாள் கத்தாமல் பேசினார். கண்ணின் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறதாம், ஓரம் மட்டும்தான் மிச்சமாம். எண்பத்தாறு வயது. "கோடை வருவதற்குள் கொண்டு வா. அது இழுக்கிறதை நான் பார்க்க வேண்டும். என் மகளுக்கும் காட்ட வேண்டும். அவளும் நம்பவில்லை," என்றார்.

அதுதான் எங்கள் நீண்ட வார இறுதி. புதிதாகக் கடைந்த முன் மூட்டுகளை இவர் கராஜில் காரைத் தூக்கி வைத்துச் சுற்றிப் பார்த்திருக்கிறார். மேட்டில், பாரத்தோடு, ஒருதரமும் பார்த்ததில்லை. அன்றைக்கு உடைந்தது அதே மூட்டுத்தான். அல்பரி தாண்டி, முர்ரே ஆற்றுப் பாலம் தாண்டி, விக்டோரியாவுக்குள் நுழைந்த பிறகு இவர் ஒவ்வொரு மேட்டிலும் திரும்பி ட்ரெயிலரைப் பார்த்துக்கொண்டே வந்தார். மாலை ஆறு மணிக்கு டான்டெனோங்கில் மோட்டல், அறைக்கு எண்பத்தைந்து டொலர். கட்டிலில் படுத்துக்கொண்டு விரலை மடக்கி மடக்கி மூட்டு மாதிரி அசைத்துக்கொண்டிருந்தார்.

"உடைஞ்சா உடையட்டும். படுங்கோ," என்றேன்.

"உடைஞ்சா அந்த மனுஷன் பொய்யனாத்தான் சாவார்," என்றார்.

ஒக்டோபர் 3, ஞாயிறு. காலை 8.30. கேரம் டவுன்ஸ்.

கோயிலுக்குப் போகாமல் மலையேறக் கூடாது என்பது என் சட்டம். கார் நிறுத்துமிடத்தில் ட்ரெயிலரோடு நின்றோம். இவர் கை கால் கழுவப் போய்விட்டார். நான் அர்ச்சனைத் தட்டில் தேங்காயும் நாலு தேசிக்காயும் வைத்துக்கொண்டு ஐயரை அழைத்து வந்தேன். புது வாகனம் வாங்கினால் நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்து, நசித்துக்கொண்டு ஓட்ட வேண்டும், கண்ணூறு கழியும் என்பது நம் வழக்கம். இந்தியாக்காரர் அதையே எலுமிச்சம்பழம் என்பார்கள்.

"எந்த வண்டிம்மா?" என்று ஐயர் கேட்டார்.

"இதுதான் ஐயா," என்று நான் பொதுவாகக் கையைக் காட்டிவிட்டுத் தேங்காயைச் சரிபார்க்கக் குனிந்தேன். பிழை அங்கேதான்.

நான் நிமிர்ந்தபோது டேவிட்டின் வானுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று, மாலை போட்டாயிற்று. கண்ணாடியில் தொங்கின சின்னச் சிலுவையைப் பார்த்து ஐயர், "அதுவும் இருக்கட்டும்," என்று புன்னகைத்தார். நாலு தேசிக்காயும் வானின் நாலு சில்லின் கீழே இருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள், "ம், எடுங்கோ," என்றார் ஐயர். டேவிட் எடுத்துவிட்டார். சதக், சதக்.

"டேவிட்! அது காருக்கு!"

"ஐயர் போன்னு சொன்னாரு, போயிட்டேன் லா அக்கா! நான் என்ன செய்ய?"

வெளியே வந்த இவர் நசுங்கிக் கிடந்த தேசிக்காய்களைப் பார்த்தார், வானின் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேதக்காரன்ரை வானுக்குக் கண்ணூறு கழிச்சாச்சு. என்ரை கார் அநாதை," என்றார். ஐயர் நல்ல மனுஷன், விளங்கப்படுத்தியதும் ட்ரெயிலரில் ஏறி, தார்ப்பாயை விலக்கிக் காரின் மூக்குக்குத் திருநீறு பூசிவிட்டார். தேசிக்காய்தான் இல்லை. கடை தேடிப் போக நேரமும் இல்லை. பதினொரு மணிக்கு லெஸ் வாசலில் நிற்பார்.

காலை 11.05. எமரால்ட்.

சுமார் நாற்பது கிலோமீட்டர். உயர்ந்த மரங்களும் அவற்றின் கீழே பன்னச் செடிகளும், ஒவ்வொரு திருப்பத்திலும் ஈர மண் வாசம். முதல் நாள் முழுக்க மழையாம். மர வீடு, பின்னால் சரிந்து ஏறும் புல்மேடு, குசினி யன்னலுக்குப் பக்கத்தில் காய்த்துத் தொங்கும் ஒரு லெமன் மரம்.

லெஸ் உண்மையாகவே வாசலில் நின்றார். மெலிந்த உயரமான மனிதர், டை கட்டியிருந்தார். இவரைப் பார்க்க முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார், கோழி பார்க்கிற மாதிரி. நடுவில் தெரியாததால் ஓரத்தால் பார்க்கிறார் என்று பிறகு விளங்கியது. ஏழு வருடம் தொலைபேசியில் கத்தின இரண்டு பேரும் நேரில் கண்டதும் பேச வெட்கப்பட்டுக் கையை மட்டும் குலுக்கினார்கள்.

காரை இறக்கினதும் லெஸ்ஸின் கைகள் பார்க்கத் தொடங்கின. மூக்கிலிருந்து பின் வரைக்கும் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று, "இந்தப் பள்ளம் ஹரி சுத்தியலைப் போட்டது," என்றார். திருநீறு விரலில் ஒட்டியது. என்ன சாம்பல் என்று கேட்டார். நல்லது நடக்கப் பூசினது என்றேன். "ஹரி அதற்குத் துப்புவான்," என்றார்.

மகள் ஜூடித் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார். அறுபதை நெருங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே மெல்லச் சொன்னார்: "அப்பா நிறையக் கதை சொல்வார். சின்ன வயதில், குக்கபுரா பறவைக்குச் செபம் சொல்லப் பழக்கினேன் என்றார். நான் நம்பினேன். இதுவும் அந்த மாதிரித்தான். சரிவராவிட்டால் தயவுசெய்து ஒன்றும் சொல்லாதீர்கள், சும்மா கைதட்டிவிடுங்கள்." இந்தப் பொம்பிளையோடு கோபிக்க முடியுமா? ஏழு வருடம் நானும் அப்படித்தானே வீட்டில் நம்பாமல் இருந்தேன்.

வெளியே வந்ததும், "நாலு லெமன் பறிக்கலாமா?" என்று கேட்டேன். எதற்கென்று சொன்னேன். ஜூடித் சிரித்துக்கொண்டே பறித்துத் தந்தார். நம் தேசிக்காய் மாதிரி மெல்லிய தோல் இல்லை. கல்லு மாதிரிக் கனம், தடித்த தோல், உள்ளங்கையை நிறைத்தது. பரவாயில்லை, பிள்ளையார் அளவு பார்க்க மாட்டார் என்று நாலு சில்லுக்கும் முன்னால் ஒவ்வொன்றாகச் செருகினேன்.

"நீங்கள் ஏறி ஓட்டுங்கள்," என்று இவர் லெஸ்ஸிடம் சொன்னார். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தோம்.

"வேண்டாம். ஏறி இருந்தால் என்ன தெரியும்? ஸ்டியரிங்கும் பூச்சியும்தான்," என்றார் லெஸ். "நான் எப்போதும் உள்ளே இருந்தேன். வெளியில் நின்று பார்த்தவன் ஹரி. அது இழுக்கிறதை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை."

எனக்கு அது புதுச் செய்தி. இவருக்கும் புதிதுதான், முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

லெஸ் ஜூடித்தின் கையைப் பிடித்துக்கொண்டு காரின் இடப்பக்கம், முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில், இரண்டு எட்டுத் தள்ளி நின்றார். "முதலில் இரண்டு. பிறகு நாலு. இல்லாவிட்டால் என்ன அத்தாட்சி?" என்று கத்தினார். முன் சில்லுகளை எஞ்சினோடு சேர்க்கவும் விலக்கவும் ஒரு நெம்புகோல் இருந்தது. இவர் விலக்கிவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். பறவைகள் மரங்களைக் காலி செய்தன.

கிளச்சை விட்டதும் பின் சில்லுகள் ஈரப் புல்லில் சுழன்றன. பின்னால் இருந்த இரண்டு லெமனும் பந்து மாதிரிப் பின்னுக்குப் பறந்து கீழ் வேலியில் அடித்தன. காரின் பின்பக்கம் ஒரு முழம் பக்கவாட்டில் வழுக்கி நின்றது. முன் சில்லுகள் அசையவே இல்லை, அவற்றின் லெமன்கள் வைத்த இடத்தில் இருந்தன.

"ஆனைக்கும் அடி சறுக்கும்," என்றேன் டேவிட்டிடம், பயத்தை மறைக்க.

"இந்த ஆனைக்கு இன்னும் ரெண்டு கால் இருக்கு, அக்கா. பாருங்க."

டேவிட் காரின் பின்பக்கத்தைத் தள்ளி நேராக்கினார். இவர் நெம்புகோலைப் போட்டார். 'கிளக்' என்று உள்ளே ஏதோ கடித்துக்கொண்டது. என் கை தானாகத் தாலியைப் பிடித்தது, ஒரு காருக்காக. வெட்கக்கேடு.

இந்த முறை எஞ்சின் சத்தம் வேறு மாதிரி, தாழ்ந்து வந்தது. நாலு சில்லும் ஒன்றாகப் புல்லைக் கிழித்தன. மண் நாலு பக்கமும் எழும்பியது. அடுத்த கணம் கார் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டு, சறுக்காமல், மூக்கை மேட்டுக்கு நிமிர்த்தி, ஒரே மூச்சில் மேலே போய்விட்டது. டேவிட் கமராவால் படம் எடுத்துக்கொண்டே கத்தினார், நான் கத்தினேன். ஐயோ, என்ன வடிவாகப் போனது! உச்சியில், மேல் வேலிக்கு ஆறடி இந்தப் பக்கம், 'டக்' என்ற சத்தம். கார் நின்றது.

நாங்கள் எல்லோரும் மேட்டைப் பார்த்தோம். லெஸ் மட்டும் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். "இடது மூட்டு," என்றார். "அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்."

இவர் மேலேயிருந்து இறங்கி ஓடி வந்தார், முகம் முழுக்க மண். "உடைஞ்சு போச்சு. ஏறினாப்பிறகுதான் உடைஞ்சது. பாத்தனீங்களே? பாத்தனீங்களே, லெஸ்?" என்று தமிழிலேயே கேட்டார்.

லெஸ்ஸுக்கு மொழி தெரியாவிட்டாலும் கேள்வி விளங்கியது. முகத்தை மேட்டுப் பக்கம் திருப்பினார். பிறகு, "இல்லை," என்றார். "தலையைப் பிழையான பக்கம் திருப்பிவிட்டேன். சத்தம் கேட்டது. மங்கலாக ஏதோ போனது. சில்லை நான் பார்க்கவில்லை."

மூட்டு உடைந்துவிட்டது. இன்னொன்று கடைந்து வர மாதங்கள் ஆகும். அதுவரை அந்தக் கண் காத்திருக்காது. இவர் புல்லில் அப்படியே குந்திவிட்டார்.

லெஸ் குனிந்து தன் கால் எலும்பைத் தடவினார். "என்னை என்ன அடித்தது?" என்று கேட்டார். "கார் கிளம்பும்போது ஏதோ காலில் அடித்தது. நோகிறது."

ஜூடித் கீழே பார்த்தார். அப்பாவின் சப்பாத்துக்குப் பக்கத்தில் ஒரு லெமன் கிடந்தது. எடுத்துத் திருப்பினார். அதன் தோலில் டயரின் வரி ஆழமாகப் பதிந்திருந்தது.

"எங்கேயிருந்து வந்தது?" என்றார் லெஸ். குரல் மாறிவிட்டது. "நான் எங்கே நின்றேன்? யாரும் அசையாதீர்கள்!"

நம்மிடம் ஒரு சொல் இருக்கிறதே, கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று. அன்றைக்கு அந்த விசாரணையை எமரால்ட்டில் பார்த்தேன். பின் சில்லுகளின் லெமன்கள் இரண்டும் முதல் ஓட்டத்திலேயே வேலிக்குப் போய்விட்டன, டேவிட் ஓடிப்போய் இரண்டையும் எடுத்து வந்து காட்டினார். அவற்றை நான் திரும்ப வைக்கவில்லை. இரண்டாம் ஓட்டத்தில் காரின் கீழ் இருந்தவை முன் சில்லின் இரண்டு மட்டும். இழுக்காத சில்லு லெமனை முன்னுக்குத் தள்ளும், அல்லது ஏறி நசிக்கும். பின்னுக்கு எறியாது. சுழன்று இழுக்கிற சில்லுதான் பின்னுக்கு எறியும். லெஸ் நின்ற இடம் முன் சில்லுக்குப் பின்னால்.

"அப்படியானால் என்னை அடித்தது என்ன?" என்று லெஸ் கேட்டார். ஜூடித்தைத்தான் கேட்டார்.

ஜூடித் லெமனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆசிரியைக்குப் பதில் தெரிந்துவிட்டது. "முன் சில்லு, அப்பா," என்றார். சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். "நான் பார்த்தேன். லெமனுக்கு முன்னமே பார்த்தேன். முன் சில்லிலிருந்துதான் மண் பறந்தது. அப்பா, சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டபோது, என் அப்பா பொய் சொல்கிறவர் என்று நானே சொன்னேன்."

"தெரியும்," என்றார் லெஸ். "உன் ஆசிரியை வந்து சொன்னாள். அத்தாட்சி இல்லாமல் நீ வேறென்ன சொல்வாய்? அதை விடு. இப்போது நீ பார்த்ததைச் சொல். முதலிலிருந்து."

இரண்டு பேரும் புல்லில் போட்ட கதிரையில் இருந்தார்கள். லெஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஜூடித் சொல்லத் தொடங்கினார். மண் மரத்தின் உயரத்துக்கு எழும்பியது என்றார்.

"கூட்டாதே," என்றார் லெஸ், கண்ணைத் திறக்காமல். "எவ்வளவோ அவ்வளவு."

"சரி. இடுப்பு உயரம்."

"ம். பிறகு?"

மாலை 3.40.

காரை மேட்டிலிருந்து கயிறு கட்டி இறக்கி ட்ரெயிலரில் ஏற்ற இரண்டு மணி நேரம் பிடித்தது. உடைந்த மூட்டை லெஸ் கேட்டு வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார். கழகத்துக்கு எழுதி அந்தப் புத்தகத்தைத் திருத்தச் சொல்வோமா என்று இவர் கேட்டார். படங்கள் டேவிட்டிடம் இருந்தன. லெஸ் யோசித்துவிட்டு, வேண்டுமானால் எழுது, எனக்கு அவசரமில்லை என்றார். ஏழு வருடம் ஞாயிறு தவறாமல் எங்களை எழுப்பின மனுஷனுக்கு அவசரமில்லையாம்.

யாழ்ப்பாணத்தில் விடைபெறும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டோம், போட்டு வாறம் என்போம். நான் லெஸ்ஸின் கையைப் பிடித்து அதை இங்கிலிஷில் சொன்னேன், போய்விட்டுத் திரும்பி வருகிறோம் என்று. அவர் முகத்தை ஓரம் திருப்பி என்னைப் பார்த்து, "எப்போது?" என்று கேட்டார். பதினெட்டு வருடமாக இந்த நாட்டில் சொல்லி வருகிறேன், எவரும் அப்படிக் கேட்டதில்லை. "மூட்டுக் கடைஞ்ச உடனே," என்றார் இவர் எனக்கு முன்னால்.

ஏழு வருடமாக இவரைப் பைத்தியம் என்று சொன்ன வாய் இது. வானில் ஏறும்போது, ஸ்பானர் பெட்டிகளைத் தள்ளிவிட்டு இவரைப் பின் சீட்டில் எனக்குப் பக்கத்தில் இருக்கச் சொன்னேன். டேவிட் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார், நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

டேவிட் வானைக் கிளப்பும்போது குசினி யன்னல் திறந்திருந்தது. ஜூடித் பேர்த்தில் இருக்கும் மகனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஆசிரியைக் குரல், வளவு முழுக்கக் கேட்டது.

"இல்லை, தாத்தா சொல்லவில்லை," என்றார். "நான் சொல்கிறேன். நாலு சில்லும். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்."